ஒரே இழுப்பில் வந்த லேபிள்

முட்டை மிதந்தது.

"பாத்தியா அரசி, எட்டணா அகலத்துக்குத் தலையத் தூக்கிட்டான்" என்றார் என் கணவர்.

விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுத் தேர்வு செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீரில் உப்பு போதுமா என்று பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போடுவார்கள். முட்டை மேலே வந்து ஓட்டில் ஒரு காசு அகலம் வெளியே தெரிந்தால் பதம் சரி. பிறகு நெல்லைக் கொட்டினால் கனத்த நெல் அடியில் தங்கும், பதர் மிதக்கும். மிதப்பதைக் கையால் அரித்தெடுத்துக் கோழிக்குப் போடுவோம். கீழே தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிச் சாக்கில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் முளை காட்டும்.

அன்று அவர் முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் துழாவினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அலசினேன். முட்டை மிதப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "செத்த உப்பு. கரிக்கவே இல்ல" என்று சொல்லி, வீட்டிலிருந்த கல்லுப்பையும் அள்ளிப் போட்டார். சிரித்துக்கொண்டே செய்த வேலை. அதற்குப் பிறகு நாங்கள் அப்படி எந்த வேலையும் சேர்ந்து செய்யவில்லை.

அது 2002ஆம் வருஷம், செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மேட்டூர் அணையைப் பிந்தித் திறந்த வருஷம். கல்லணைக் கால்வாயில் எங்களுக்குத் தண்ணீர் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர். கணவர் பெயர் குழந்தைராஜ். குவைத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, கம்பெனி ஆளைக் குறைத்ததால் திரும்பி வந்து இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். மகள் ஜெனிட்டா தஞ்சாவூரில் கன்னியர் விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்தாள். நான் விண்ணரசி. பிளஸ் டூ வரை படித்தவள். பட்டுக்கோட்டை சாலையில் பஞ்சநதம் என்பவருடைய டிரம் பட்டறையில் வேலை.

இதில் வருகிற ஆஸ்பத்திரி, துறைமுகம், அந்த வெளிநாடு ஆகியவற்றின் பெயர்களை எழுதவில்லை.

பட்டறைக்கு மாதம் ஒரு பெட்டி வரும். பெட்டி என்றால் கப்பலில் வருகிற இரும்புக் கண்டெய்னர். அதற்குள் பழைய பிளாஸ்டிக் டிரம்கள், ஒன்றுக்குள் ஒன்று திணித்து, உச்சி வரைக்கும் அடுக்கியிருக்கும். நாங்கள் பன்னிரண்டு பெண்கள். முதல் வேலை லேபிளை எடுப்பது. கழுவுவது அதற்குப் பிறகுதான். லேபிளோடு ஒரு டிரம்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் முற்றத்தில் நிற்கக் கூடாது என்பது முதலாளி வைத்த சட்டம். சுரண்டிய லேபிள்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவோம். கழுவிய டிரம் தண்ணீர் பிடிக்க, நெல் கொட்டி வைக்க, மாட்டுக்குக் கழுநீர் ஊற்ற என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் போகும்.

"நான் கடல் தாண்டி வெளிநாட்டுக்குப் போனேன். இப்ப வெளிநாடு நம்ம ஊருக்கு வேலை தேடி வருது" என்று அவர் கேலி செய்வார்.

லேபிள்களில் மண்டை ஓடு படம் இருக்கும். இல்லாததுதான் குறைவு. முதல் மாதம் நான் கேட்டேன். "அங்கத்துச் சட்டம் அப்படி. அவன் சோப்புத் தூளுக்கும் மண்டை ஓடு போடுவான். அதையெல்லாம் பார்த்தா நீ வேலை செய்ய முடியுமா?" என்றார் பஞ்சநதம். ஒரு வருஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மண்டை ஓடும் பூப்படம் மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த வருஷம் தீபாவளிக்குக் கொடுப்பதை முன்கூட்டியே கொடுக்கிறேன் என்று, ஆளுக்கு ஒரு டிரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கழுவாத டிரம். கழுவுவது எங்கள் பாடு. மற்றவர்கள் பெரியதாகப் பார்த்து எடுத்தார்கள். நான் அறுபது லிட்டர் டிரம் ஒன்றை எடுத்தேன். வாய் அகலமாக, பசைத் தடமே இல்லாமல் புதிது போல் இருந்தது. லேபிளை நான்தான் எடுத்திருந்தேன். அந்த டிரம்மின் அடியில் இரண்டு கிலோ அளவுக்கு வெள்ளையாக, பரல் பரலாகக் கட்டியிருந்தது.

"கொட்டிடுங்க" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"ஏன் கொட்டணும்? உப்புதானே. விதைக்கு எப்படியும் உப்பு வாங்கணும்."

"என்ன உப்போ."

"உன் முதலாளிதான் சொல்லிட்டாரே, சோப்புக்கும் மண்டை ஓடு போடுவான்னு."

நான் மறுபடி சொல்லவில்லை.

*

மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்தோம். ஒரு நெல்கூட முளைக்கவில்லை. அதே நாளில் கோழிகள் மூன்று செத்துக் கிடந்தன. வெள்ளைக் கழிச்சல் என்று நினைத்தோம். அவருக்கு வயிற்றுவலி, வாந்தி. விதை கெட்ட கவலையில் சாப்பிடாமல் இருந்ததால் என்று நினைத்தோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது.

ஐந்தாம் நாள் பாதம் எரிகிறது என்றார். நெருப்பை மிதித்த மாதிரி இருக்கிறதாம். போர்வையின் நுனி பட்டால்கூடக் கத்தினார். ஆறாம் நாள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். விவசாயி என்றதும் பூச்சிமருந்தா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நரம்பைத் தாக்கும் ஒரு நோயாக இருக்கும் என்று சொல்லி அதற்கு மருந்து கொடுத்தார்கள். பழைய டிரம்மைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான் அப்போதே சோப்புப் போட்டு மூன்று தடவை அந்த டிரம்மைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

படுத்த இடத்தில் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "விதை மொளச்சிருச்சா?"

"மொளச்சிருச்சுங்க. மூட்டம் கட்டுனதுல சூடு பத்தாம இருந்துச்சு. இப்ப நல்லா வந்திருச்சு."

"அப்ப நாத்தங்காலுக்குத் தண்ணி கட்டச் சொல்லு. காயவிட்டுறப் போறானுங்க."

பதினைந்தாம் நாள் காலையில் முகம் துடைத்துவிட்டேன். துணியோடு அவருடைய முன்தலை முடி மொத்தமும் வந்தது. வலிக்கவில்லை அவருக்கு. புல்லைப் பிடுங்கினால்கூடக் கொஞ்சம் எதிர்க்கும். இது அப்படியும் இல்லை.

அந்த வார்டில் ஜெயா என்று ஒரு இளம் டாக்டர் இருந்தார். முடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"இது நரம்பு நோய் இல்லம்மா. ஏதோ ஒரு உலோகம் உள்ள போயிருக்கு. வலி வர்றதுக்கு முந்தின வாரம் என்ன தொட்டாரு, என்ன தின்னாரு, ஒன்னு விடாம சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே வந்தேன். டிரம் என்ற சொல் வாயில் வந்ததும் நின்றுவிட்டேன்.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"அந்த டிரம்முல லேபிள் இருக்குமே? அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். முதலில் கேட்டவர் அவர்தான். லேபிளை எடுத்தது நான். அடுப்பில் போட்டதும் நான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, ஆர்சனிக் இல்லை என்று வந்தது. அங்கே அந்த மூன்றுக்குத்தான் பரிசோதனை உண்டாம். "வேற எதுன்னு சொன்னாத்தான் தேட முடியும். ஒவ்வொன்னுக்கும் ஒரு மருந்து. ஒன்னுக்குக் குடுக்குற மருந்து இன்னொன்னைக் கூட்டிவிட்டுரும். பேர் தெரியணும் விண்ணரசி. பேர் கிடைச்சா நான் எங்கேருந்தாவது மருந்து வரவழைப்பேன்" என்றார் டாக்டர் ஜெயா.

பேர் கிடைத்தால் அவர் பிழைப்பார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

*

பஞ்சநதத்திடம் போனேன்.

"முதலாளி, அந்த லோடு எங்கேருந்து வந்துச்சு, டிரம்முல என்ன இருந்துச்சுன்னு பேப்பர் இருக்குமே. டாக்டர் கேக்குறாங்க."

"என்ன பேப்பர்? கோயம்புத்தூர் பார்ட்டி அனுப்புன சரக்கு அது."

"வெளிநாட்டு லேபிள் ஒட்டியிருந்துச்சே முதலாளி."

"எந்த லேபிள்? காட்டு, பாப்போம்."

வெந்நீர் அடுப்பில் குவிந்திருந்த சாம்பலைப் பார்த்தேன்.

"சுரண்டுனவ நீ. என்கிட்ட வந்து கேட்டா? பன்னெண்டு பேருல நீ ஒருத்திதான் படிச்சவ, இங்கிலீஷ் தெரிஞ்சவன்னு பேரு. படிச்சிருக்க வேண்டியதுதானே?"

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. தப்பித்துக்கொள்ளச் சொன்னார். ஆனாலும் அது உண்மை.

கேட்டுக்கு வெளியே அம்சவல்லி ஓடி வந்தாள். பட்டறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள். "அக்கா, அந்தப் பொட்டி அய்யாக்கண்ணு அண்ணன் வண்டியிலதான் வந்துச்சு. இன்னிக்குப் பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டியில நிக்கிறாரு. போய்ப் புடி."

அய்யாக்கண்ணு அண்ணன் மல்லிப்பட்டினத்துக்காரர். மீன்பிடிக் குடும்பம். கடலுக்குப் போகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். மண்டியில் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்வதைப் படுத்தபடியே கேட்டார். வெளியே வந்து கையைக்கூடத் துடைக்காமல் வண்டியில் ஏறி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த சீட்டுக்கட்டை எடுத்துப் புரட்டினார். துறைமுகத்துக் கேட்டில் கொடுக்கிற சீட்டு. பெட்டி நம்பர் அதில் இருந்தது.

"சீட்டையே எடுத்துக்க தங்கச்சி. பஞ்சநதம் கேட்டா காத்துல போயிருச்சுன்னுருவேன். காலையில தேங்காய் ஏத்திக்கிட்டு அந்தத் துறைமுகத்துக்குத்தான் போறேன். முன்னாடி உக்காந்து வர்றதுன்னா வா."

அவரோடு போனேன். அறந்தாங்கி தாண்டியதும் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "இந்தத் தேங்காயில நாலு அழுகியிருந்தா மொத்தப் பொட்டியையும் திருப்பி அனுப்பிருவான் அந்த நாட்டுக்காரன். அவன் அனுப்புன அழுகலை நாம ஒருநாளும் திருப்புனதில்ல."

*

சுங்கத்துறையில் மூன்று மேசை தாண்டி அப்துல் வஹாப் என்ற கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய் விட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் தொழுகைத் தழும்பு. சீட்டைப் பார்த்து, உள்ளே ஆள் அனுப்பி ஒரு கோப்பை எடுத்துவரச் சொன்னார்.

"என்ன போட்டிருக்கு சார்?"

"காலி பிளாஸ்டிக் டிரம். பழசு. கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது." படித்துவிட்டு அவரே கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கேக்குறதுல தப்பே இல்லம்மா. இதுக்குன்னு நாடுகளுக்குள்ள ஒப்பந்தமே இருக்கு. ஒருத்தர் அனுப்புன கழிவைப் பத்தி இன்னொருத்தர் கேட்டா பதில் சொல்லியாகணும். பொய் சொல்லி அனுப்பியிருந்தா திருப்பி எடுத்துக்கிட்டுப் போகணும். ஆனா கேள்வியை நான் கேக்க முடியாது. நான் சென்னைக்கு எழுதணும். சென்னை டெல்லிக்கு எழுதும். டெல்லியில அதுக்குன்னு ஒரு ஆபீஸ். அவங்க எழுதினாத்தான் அந்த நாட்டுல இருக்குற ஆபீஸ் கையில எடுக்கும்."

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"போன தடவை ஒரு கேஸுக்கு அஞ்சு மாசம் ஆச்சு."

"அவருக்கு அஞ்சு நாளு இருக்கான்னு தெரியல சார்."

"நான் இன்னிக்கே எழுதிடுறேன். அதுக்கு மேல..."

லாரியில் வந்ததில் தலை கலைந்திருந்தது. அவர் முன்னால் அப்படி உட்காரக் கூச்சமாக இருந்ததால் கையால் முடியை ஒதுக்கினேன். கையோடு வந்துவிட்டது. ஒரு கொத்து. எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வரை எனக்கும் ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்ததே இல்லை. பாதத்தில் ஊசி குத்துவது போல் இருந்ததை அலைச்சல் என்று விட்டிருந்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு பயிற்சிக்கு அனுப்புனாங்க. பதினாலு நாட்டுக்காரங்க. அந்த நாட்டு ஆபீஸ்லேருந்து யோஹன்னான்னு ஒரு அம்மா வந்திருந்தாங்க. சாப்பாட்டுல காரமே இல்லன்னு நான் கொண்டுபோன எலுமிச்சங்கா ஊறுகாயில பாதியை அவங்கதான் தின்னாங்க." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்தார். "ஆபீஸ் கடிதம் டெல்லி வழியா போகட்டும். இது ஊறுகாய் தின்னவங்களுக்கு நான் எழுதுறது. இதுக்கு என்னைக் கேள்வி கேட்டா பதில் சொல்லிக்கிறேன்."

அவர் கையாலேயே எழுதி ஃபேக்ஸ் அனுப்பினார். எனக்கு அந்த இயந்திரத்துக்குள் தாள் மெதுவாகப் போவதைப் பார்த்தது நினைவிருக்கிறது. இப்படிப் போனால் எப்போது போய்ச் சேரும் என்று நினைத்தேன்.

மறுநாளே அந்த அம்மாவின் பதில் வந்தது. வஹாப் சார் டாக்டர் ஜெயாவின் அறைக்குப் போன் செய்து எனக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பெட்டியை அனுப்பியவன் ஒரு தரகன். நாற்பத்தொரு தொழிற்சாலைகளில் பழைய டிரம் வாங்கி ஒன்றாகக் கட்டி அனுப்புகிறவன். எந்த டிரம் எங்கே வாங்கியது என்ற விவரத்தைக் கொடு என்று யோஹன்னா கேட்டிருக்கிறார். டெல்லியிலிருந்து முறையான கடிதம் வந்தால் கொடுக்கிறேன் என்று வக்கீலை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறான். சட்டப்படி அவன் சொன்னது சரி. டெல்லியில் ஆயுத பூஜை விடுமுறை. புதன்கிழமைதான் திறப்பார்கள்.

"அந்த அம்மா ஒன்னு கேக்குறாங்க" என்றார் வஹாப் சார். "தரகன்கிட்ட கேக்கத்தான் டெல்லிக் கடிதம் வேணும். எங்க நாட்டுத் தொழிற்சாலைக்குள்ள போக எனக்கு யார் கடிதமும் வேண்டாம். நாப்பத்தொன்னுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. லேபிள்ல ஒரு எழுத்து, ஒரு நிறம், ஒரு படம், ஏதாவது ஒன்னுன்னு எழுதியிருக்காங்க."

நர்ஸ் மெஹராஜ் பேகம் பேனாவும், காய்ச்சல் குறிக்கிற தாள் ஒன்றும் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் வரையச் சொன்னார். கணவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு அறுபது லேபிள். ஒரு வருஷ லேபிள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. எதை வரைந்தாலும் அது வேறு டிரம்முடையதாக இருந்தது. அடித்தேன். மறுபடி வரைந்தேன். அவர் கண்ணைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

கண்ணுக்குக் கிடைக்காதது கைக்குக் கிடைத்தது. காகித லேபிளைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து பிளேடால் சுரண்ட வேண்டும். துண்டு துண்டாகத்தான் வரும். எப்போதாவது ஒன்று பிளாஸ்டிக் தாளில் அச்சடித்ததாக இருக்கும். வெயிலில் காய்ந்த டிரம்மாக இருந்தால் ஓரத்தைக் கிளப்பிவிட்டு இழுத்தால் முழுசாக வந்துவிடும். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. "ஒரே இழுப்பு!" என்று கத்தித் தூக்கிக் காட்டுவோம். அந்த டிரம்மின் லேபிள் அப்படி வந்தது. தூக்கிக் காட்டினேன். அம்சவல்லி, "இன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்கு யோகம்தான் போ" என்றாள். சூரியனுக்கு நேராகப் பிடித்திருந்தேன். பின்பக்கத்திலிருந்து அச்சு தெரிந்தது. பச்சை வட்டம். அதற்குள் கத்தி வைத்து வெட்டியது போல மூன்று சாய்வுக் கோடு, நடுக்கோடு மட்டும் நீளம்.

அதை வரைந்தேன். வலம் இடமாகத் தெரிந்ததைத் திருப்பி ஒரு தடவையும் வரைந்தேன். டாக்டர் ஜெயா தன் கையால் ஃபேக்ஸ் அனுப்பினார். அது சனிக்கிழமை.

பட்டறையில் பசைத் தடம் இல்லை என்றுதான் அந்த டிரம்மை எடுத்தேன். பசைத் தடம் இல்லாததற்குக் காரணம் ஒரே இழுப்பு. அன்று ஸ்டூலில் உட்கார்ந்துதான் அதையும் நினைத்தேன்.

திங்கட்கிழமை யோஹன்னா அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடி செய்கிற தொழிற்சாலை. செவ்வாய்க்கிழமை நேரில் போனார். பொறுப்பானவர் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மாலை வரை வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்தது, என் கணவருடைய மூச்சை எண்ணினால் நிமிஷத்துக்கு நிமிஷம் குறைகிறது என்பதுதான். செவ்வாய்க்கிழமை ஜெனிட்டாவை விடுதியிலிருந்து அழைத்து வந்தார்கள். மொட்டைத் தலையோடு கிடந்த அப்பாவை அவள் தெரிந்துகொள்ளாமல் அடுத்த கட்டிலுக்குப் போய் நின்றாள்.

புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவர் போனார்.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து இறப்புச் சான்றுத் தாளை எழுதினார். உடலை அறுத்துப் பார்த்தால் நல்லது என்று டாக்டர் ஜெயா கேட்டார். "வேண்டாம். இத்தனை நாள் பட்டது போதும். இனிமே அவரை யாரும் தொடக் கூடாது" என்றேன். கத்திச் சொன்னேன் என்று மெஹராஜ் பேகம் பின்னால் சொன்னார். ஒரு மணிக்கு வண்டி ஏற்றினார்கள். நாங்கள் ஒரத்தநாட்டைத் தாண்டும்போது, இரண்டே காலுக்கு, ஃபேக்ஸ் வந்திருக்கிறது. ஏழு உப்புகளின் பெயர்கள், அதில் அறுபது லிட்டர் டிரம்மில் அடைத்தது ஒன்று. அந்த ஒன்றைச் சுற்றி யோஹன்னா வட்டம் போட்டிருந்தார். அவருடைய ஊரில் அப்போது காலை பத்தே முக்கால்.

டாக்டர் ஜெயா ஊருக்குப் போன் செய்தார். பக்கத்து வீட்டில்தான் போன். என்னைக் கூப்பிட்டார்கள்.

"பேர் கிடைச்சிருச்சு விண்ணரசி." ஃபேக்ஸில் இருந்த பேரைப் படித்தார். "அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? இப்பக்கூட நிரூபிச்சிரலாம்."

நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். மறுநாள் பூசை வைத்து அடக்கம் செய்தோம்.

*

மருந்து எனக்கு வந்தது. அவருக்கென்று யோஹன்னா அவர்கள் நாட்டு விஷமுறிவு மையத்தில் கேட்டு வாங்கி, விமானத்தில் அனுப்பியது. சென்னையில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் வஹாப் சாருடைய நண்பர் ஒருவர் அதை விடுவித்தார். மருந்துக்கு இந்த நாட்டு அனுமதி கிடையாது. அதற்காக அந்த நண்பருக்கு மெமோ கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நீல நிற மாத்திரைகள். நாக்கு, பல் எல்லாம் நீலமாகும்.

"அவருக்கு வந்தது. நான் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

டாக்டர் ஜெயா என்னிடம் வாதாடவில்லை. ஜெனிட்டாவைக் கூப்பிட்டு அவள் கையில் டப்பாவைக் கொடுத்தார். "வேளைக்கு மூணு. உங்கம்மா முழுங்குறாங்களான்னு நின்னு பாரு."

முப்பது நாள் சாப்பிட்டேன். முடி முளைத்தது. இடது காலில் மட்டும் இன்னும் உணர்ச்சி குறைவு.

டெல்லிக் கடிதமும் போகத்தான் போனது, அடுத்த மாதம். அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். விற்றுப்போன டிரம்களைத் தேட அதிகாரிகளோடு ஜீப்பில் நானும் போனேன். என்னைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. ஊர் ஊராக, வீடு வீடாக. அதே வகையில் மூன்று கிடைத்தன. இரண்டில் உமி. ஒன்றில் சைத்தூன் பீவி என்ற அம்மா தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அது பட்டறையில் கழுவிய டிரம், தப்பித்திருந்தார்கள். "நல்ல டிரம்மாச்சேம்மா, ஏன் எடுக்குறீங்க?" என்று என்னோடு சண்டை போட்டார். பதினாலு மாதம் கழித்து எல்லா டிரம்மையும் அதே துறைமுகத்திலிருந்து அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அய்யாக்கண்ணு அண்ணன்தான் ஏற்றிக்கொண்டு போனார். வாடகை வாங்கவில்லையாம்.

அங்கே தரகன் மேல் வழக்கு நடந்தது. யோஹன்னா எனக்கு நேராகக் கடிதம் எழுதினார். எளிமையான இங்கிலீஷில், நான் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதியிருந்தார். பொய்யான விவரம் கொடுத்த குற்றம் நிற்கும். ஆனால் அதனால் ஒரு மனிதர் இறந்தார் என்று நிரூபிக்க அவர் இறந்த காரணம் எழுதிய சான்று வேண்டும். அவன் வக்கீல் அதைத்தான் கேட்கிறான். அனுப்ப முடியுமா?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் நல்லவர். உட்காரச் சொல்லி, ஃபேக்ஸ் தாளை இரண்டு தடவை படித்தார்.

"எனக்கு நம்பிக்கை இருக்கும்மா. ஆனா அன்னிக்கு மத்தியானம் எனக்கு இது தெரியாது. தெரியாததைத் தெரிஞ்சதா நான் எழுத முடியாது. அறுத்துப் பாத்திருந்தா மாத்தலாம். ரத்தம் எடுத்து வச்சிருந்தாலும் மாத்தலாம். சென்னைக்கு அனுப்புனதுல மிச்சத்தை அவங்க கொட்டிட்டாங்க. அவர் முடியையும் இங்க கூட்டித் தள்ளிட்டாங்க."

"என் முடியில இருந்துச்சே டாக்டர். அதே உப்பு. பரிசோதனை பண்ணி வந்துச்சே."

"நீங்க உயிரோட இருக்கீங்களேம்மா" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் மாறிவிட்டது.

டாக்டர் ஜெயா தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த நீதிமன்றத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார்கள், சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய் விவரத்துக்கு மட்டும் அபராதம் போட்டார்கள். சான்றைத் திருத்தச் சொல்லி நான் மனுமேல் மனு எழுதினேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார், வேறு ஒருவர் வந்தார், அவரும் போனார். வஹாப் சார் ஓய்வு பெற்றபோது எனக்குப் போன் செய்து, "இன்னும் எழுதுறீங்களாம்மா?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க" என்றார்.

இப்போது ஜெனிட்டா குவைத்தில் நர்ஸ். போன மாதம் அவளுடைய விசா வேலைக்காக அப்பாவின் ஆஸ்பத்திரிச் சான்று ஒரு நகல் வேண்டும் என்று கேட்டாள். போனேன். முன்பு பெரிய டாக்டர் கையால் எழுதிய தாள் அது. இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னலில் இருந்த பெண் பெயரைத் தட்டினாள். தாள் உடனே வந்தது. பெயர், வயது நாற்பத்திரண்டு, நேரம் பத்து நாற்பது, எல்லாம் அச்சில் தெளிவாக இருந்தன.

இறப்புக்கான காரணம்: தெரியவில்லை.